லூயிஸ் முதல் சவுத்தீஸ் வரை: சீமைச் சுண்ணாம்புக் குன்றுகளில் ஒரு கோடை நாள் நடை – முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தின் தென்கிழக்கே, சசெக்ஸ் மாவட்டத்தில், கடலுக்கு இணையாக நீண்டு கிடக்கும் குன்றுத் தொடருக்குச் சவுத் டவுன்ஸ் என்று பெயர். 'டவுன்' என்பதைக் 'கீழே' என்று பொருள்கொண்டால் குழப்பமே மிஞ்சும். குன்று என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல் ஒன்றிலிருந்து வந்த பெயர் அது. லண்டனிலிருந்து காலையில் ரயிலேறி, ஒரு முழுப் பகலை அந்தக் குன்றுகளில் கழித்துவிட்டு, இரவு உணவுக்கு வீடு திரும்ப விரும்புவோருக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். லூயிஸ் ரயில் நிலையத்தில் தொடங்கி, கிங்ஸ்டன் என்ற சிற்றூரின் வழியே குன்றின் முகட்டில் ஏறி, கோதுமை வயல்களின் ஓரமாக நடந்து, கிரிக்கெட்டிங் பாட்டம் என்ற நீரற்ற பள்ளத்தாக்கில் இறங்கி, சவுத்தீஸ் ரயில் நிலையத்தில் முடியும் நடை இது. தூரம் சுமார் 13 கிலோமீட்டர். நின்று பார்த்து, உட்கார்ந்து சாப்பிட்டு, அவசரமின்றி நடந்தால் 5 மணி நேரம் ஆகும். பெரிய ஏற்றம் ஒன்றுதான். தொடக்கமும் முடிவும் ரயில் நிலையங்கள் என்பதால் வண்டியை விட்ட இடத்துக்கே திரும்பவேண்டிய கட்டாயம் இல்லை. முதல்முறை இத்தகைய நடைக்குக் கிளம்புவோருக்கு நான் இதைப் பரிந்துரைப்பதற்கு முதன்மையான காரணம் அதுவே.

நடப்பதற்கு முன் நிலத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்தக் குன்றுகள் முழுக்கச் சீமைச் சுண்ணாம்பால் ஆனவை. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை, இப்பகுதி வெதுவெதுப்பான கடலுக்கு அடியில் இருந்தது. அந்தக் கடலின் மேற்பரப்பில் மிதந்த, கண்ணுக்குத் தெரியாத பாசிகளின் சுண்ணத் தகடுகள், மடிந்தபின் அடியில் படிந்து, ஆயிரம் ஆண்டுக்கு ஓரிரு சென்டிமீட்டர் என்ற அளவில் சேர்ந்து இறுகியதுதான் நீங்கள் மிதிக்கப்போகும் வெள்ளைப் பாறை. பிற்காலத்தில் ஆல்ப்ஸ் மலைகளை உயர்த்திய அதே நில அசைவு இந்தப் படிவத்தையும் வில்போல் வளைத்து உயர்த்தியது. வளைவின் நடுப்பகுதி அரிக்கப்பட்டுப் போக, வடக்கே நார்த் டவுன்ஸும் தெற்கே சவுத் டவுன்ஸும் ஒன்றையொன்று பார்த்தபடி எஞ்சின. ஆகவே சவுத் டவுன்ஸின் வடபுறம் சுவர்போலச் செங்குத்தாகவும், தென்புறம் கடலை நோக்கி மெல்லச் சாய்ந்தும் இருக்கும். நாம் செங்குத்தான பக்கத்தில் ஏறி, சாய்வான பக்கத்தில் இறங்குகிறோம்.

இரண்டாவதாகத் தெரிந்துகொள்ள வேண்டியது தண்ணீரைப் பற்றியது. வரைபடத்தை விரித்துப் பார்த்தால், பள்ளத்தாக்குகள் கிளைகிளையாகப் பிரிந்து ஓடுவது தெரியும். ஆனால் அவற்றுள் ஓர் ஓடையைக் கூடக் காண முடியாது. சீமைச் சுண்ணாம்பு நுண்துளைகளும் விரிசல்களும் நிறைந்தது. பெய்யும் மழை அப்படியே உள்ளிறங்கிவிடும். அப்படியானால் பள்ளத்தாக்கை வெட்டியது எது? பனியுகத்தில் இங்கே பனிப்பாறைகள் வந்து சேரவில்லை என்றாலும் நிலம் ஆழம்வரை உறைந்து கிடந்தது. உறைந்த பாறைக்குள் நீர் இறங்க வழியில்லாததால், கோடையில் உருகிய வெண்பனி நீர் மேற்பரப்பிலேயே வெள்ளமாக ஓடி, குளிரால் நொறுங்கிக் கிடந்த சுண்ணாம்பை வாரிக்கொண்டு போனது. பிறகு நிலம் இளகியது, நீர் மீண்டும் உள்ளே இறங்கியது, பள்ளத்தாக்கு மட்டும் வறண்டு நின்றது. உள்ளிறங்கிய நீர் குன்றின் அடிவாரத்தில் ஊற்றாக வெளிப்படும் இடங்களில்தான் கிங்ஸ்டன், இஃபோர்ட், ராட்மெல், சவுத்தீஸ் போன்ற ஊர்கள் வரிசையாக அமைந்தன. பிரைட்டன் நகரத்தின் குடிநீரும் இந்தச் சுண்ணாம்பின் வயிற்றிலிருந்துதான் இறைக்கப்படுகிறது. முகட்டில் ஊரில்லை, கடையில்லை, நிழலும் அநேகமாக இல்லை. கோடை நடைக்கான ஏற்பாடுகள் அனைத்தும் இந்த உண்மையிலிருந்தே தொடங்க வேண்டும்.

எப்போது செல்வது

ஜூன் நடுப்பகுதி முதல் ஆகஸ்ட் முதல் வாரம்வரை சிறந்த காலம் என்பது என் கருத்து. ஜூனில் சரிவுகளில் ஆர்க்கிட் மலர்கள் இருக்கும். ஆளி விதைத்த வயல்கள் காலை வேளையில் வெளிர்நீலமாகப் பூத்திருக்கும். ஜூலை பிற்பாதியில் கோதுமை பழுத்துப் பொன்னிறமாகும். அப்போதுதான் வெளிர்நீல இறக்கைகள் கொண்ட சாக்ஹில் புளூ என்ற வண்ணத்துப்பூச்சியும் வெளிவரத் தொடங்கும். பார்லியை ஜூலையிலும் கோதுமையை அதற்குப் பிறகும் அறுப்பார்கள் என்பதால், அறுவடை நாட்களில் வயலோரப் பாதைகளில் தூசி அதிகம். ஆஸ்துமா உள்ளவர்கள் மருந்தைக் கையோடு வைத்திருக்க வேண்டும்.

ஜூன் மாதத்தில் இரவு 9 மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும், அவசரப்பட வேண்டியதில்லை. இருப்பினும் லூயிஸிலிருந்து காலை 9.30 மணிக்குள் நடக்கத் தொடங்குங்கள். செங்குத்தான ஏற்றம் நண்பகல் வெயிலுக்கு முன் முடிந்துவிடும். வடபுறச் சரிவு என்பதால் காலையில் அங்கே வெயிலின் கடுமையும் சற்றுக் குறைவு. முந்தைய இரவு பலத்த மழை பெய்திருந்தால், இரண்டொரு நாள் தள்ளிப்போடுவது நல்லது. நனைந்த சுண்ணாம்பு வழுக்கும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள்; சோப்புத் தடவிய தரையில் நடப்பதைப் போன்றது அது, அதுவும் இறக்கத்தில்.

பையில் இருக்க வேண்டியவை

ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர். இதில் சமரசம் வேண்டாம். இங்கிலாந்துக் கோடைதானே என்று எண்ணி, முதல்முறை ஒரே ஒரு பாட்டிலுடன் நான் இந்தக் குன்றில் ஏறினேன். கடலிலிருந்து வரும் காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால் தாகம் தெரியவில்லை. பிற்பகல் 2 மணிக்குத் தலைவலி தொடங்கியபோது பாட்டில் காலியாகி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை பசுமை இருந்தும் ஒரு வாய்த் தண்ணீருக்கு வழியில்லாத நிலையை அன்று உணர்ந்தேன். குன்றின் மேல் எங்கேனும் வட்டமான சிறு குட்டையைக் கண்டால், அது ஆடுமாடுகளுக்காகக் களிமண் மெழுகிக் கட்டிய மழைநீர்க் குட்டை. மனிதர் குடிக்க ஏற்றதன்று.

அகல விளிம்புத் தொப்பி, வெயில் களிம்பு, மெல்லிய காற்றுத்தடுப்பு மேலங்கி ஆகியவை தேவை. காலுக்குப் பிடிமானமுள்ள அடிப்பாகம் கொண்ட நடைக் காலணி வேண்டும். செருப்பு வேண்டாம், ஏனெனில் பாதையில் சக்கிமுக்கிக் கல்லின் உடைந்த துண்டுகள் கத்திமுனைபோல் நீட்டிக்கொண்டிருக்கும். முழுக்கால் சட்டை அணிந்தால், பாதையோரத்து நெட்டில் செடி நம் ஊர்ச் செந்தட்டியைப்போல் சுணைத்து எரிச்சல் உண்டாக்குவதிலிருந்தும், நீண்ட புல்லில் காத்திருக்கும் உண்ணிகளிடமிருந்தும் தப்பலாம். உண்ணி எடுக்கும் சிறு குறடு ஒன்று மருந்துக்கடையில் கிடைக்கும், வாங்கிக்கொள்ளுங்கள். உணவைப் பொறுத்தவரை, எலுமிச்சைச் சோறோ புளியோதரையோ கட்டிக்கொண்டு போவது ரொட்டியைவிட எனக்கு ஒத்துவருகிறது. வெயிலில் உப்பும் புளிப்பும் உடல் கேட்பவை.

வரைபடமும் பாதைக் குறிகளும்

பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் எக்ஸ்புளோரர் வரிசையில் ஓ.எல். 11 என்ற தாள் இந்த நடை முழுவதையும் உள்ளடக்கியது. அதன் அளவு 1:25,000. அதாவது வரைபடத்தில் 4 சென்டிமீட்டர் என்பது நிலத்தில் ஒரு கிலோமீட்டர். கைபேசிச் செயலியில் அதையே தரவிறக்கிக்கொள்ளலாம் என்றாலும், பள்ளத்தாக்கின் அடியில் அலைவரிசை கிடைக்காமல் போகலாம் என்பதால் இணையம் இல்லாமலும் திறக்கும்படி முன்கூட்டியே சேமித்து வைப்பது அவசியம்.

தனியார் நிலத்தின் வழியே செல்லும் பொதுப் பாதைகளில் மக்கள் நடக்கும் உரிமை இங்கிலாந்தில் சட்டத்தால் காக்கப்பட்டது. 1949 ஆம் ஆண்டுச் சட்டம் இப்பாதைகளை வரைபடத்தில் பதிவுசெய்யும் கடமையை ஏற்படுத்தியது. 2000 ஆம் ஆண்டுச் சட்டம் திறந்த குன்றுவெளிகள் பலவற்றில் பாதையை விட்டு விலகியும் உலவும் உரிமையைத் தந்தது. கம்பங்களில் மஞ்சள் அம்புக்குறி இருந்தால் அது நடப்போருக்கு மட்டுமான பாதை. நீல அம்புக்குறி என்றால் குதிரையும் சைக்கிளும் வரலாம். முகட்டில் நாம் நடக்கும் சவுத் டவுன்ஸ் வே, வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன்வரை 160 கிலோமீட்டர் நீளும் தேசிய நெடும்பாதை. 1972 இல் திறக்கப்பட்டது. கருவாலிக் கொட்டையின் படம் அதன் அடையாளம். அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தால் முகட்டிலிருந்து சவுத்தீஸ்வரை வழி தவறாது.

பாதை சில இடங்களில் பயிரின் நடுவே நேராகச் செல்லும். தயங்க வேண்டாம், பாதைக்குரிய இடத்தைப் பயிரின்றி விட்டுவைப்பது உழவரின் கடமை. ஆனால் ஒருவர் பின் ஒருவராக நடப்பதும், இருபுறமும் கதிரை மிதிக்காதிருப்பதும் நம் கடமை.

முதற்கட்டம்: லூயிஸ் நிலையம் முதல் கிங்ஸ்டன் வரை

லண்டன் விக்டோரியாவிலிருந்து லூயிஸுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். நிலையத்தை விட்டு வெளியே வந்து, ரயில் பாதைக்குத் தெற்கே உள்ள சவுத்ஓவர் பகுதியை நோக்கி, பிரையரி ஸ்ட்ரீட் வழியாகச் சவுத்ஓவர் ஹை ஸ்ட்ரீட்டை அடையுங்கள். இத்தெருவில் மரச்சட்டமிட்ட பழைய வீடு ஒன்று கண்ணில் படும். எட்டாம் ஹென்றி மன்னர் தம் நான்காம் மனைவியான ஆனைப் பிரிந்தபோது அவருக்கு எழுதிக்கொடுத்த சொத்துகளுள் ஒன்று அது. ஆன் அங்கே வாழ்ந்ததில்லை. இப்போது அருங்காட்சியகமாக உள்ளது.

தெருவின் கோடியில் ஸ்வான் என்ற பப்பின் அருகே ஜக்ஸ் ரோடு பிரிந்து மேலேறுகிறது. பிரைட்டன் மீனவரைச் சுற்றுவட்டாரத்தார் 'ஜக்ஸ்' என்று அழைத்தனர். பிரைட்டனில் பிடித்த மீனைக் கழுதைமேல் ஏற்றி லூயிஸ் சந்தைக்குக் கொண்டுவந்த பழைய வழி இது. வீடுகள் முடிந்ததும் நெடுஞ்சாலைக்கு மேலுள்ள பாலத்தைக் கடக்க வேண்டும். வண்டிகளின் இரைச்சல் மெல்ல அடங்க, பாதை வெள்ளையாக மாறும். அங்கிருந்துதான் உண்மையான நடை தொடங்குகிறது. வழியில் ஒரு காற்றாலை தெரியும். மற்ற ஆலைகளுக்குப் பெரும்பாலும் நான்கு இறக்கைகள் இருக்க, பழைய வடிவத்தில் மீண்டும் கட்டப்பட்ட இதற்கு ஆறு.

கிங்ஸ்டனில் தி ஸ்ட்ரீட் என்றே பெயர் கொண்ட ஒற்றைத் தெருவுக்குள் நுழையுங்கள். ஜக்ஸ் என்ற பப், சிறு தேவாலயம், சக்கிமுக்கிக் கல்லால் கட்டிய மதில்கள் என அமைதியான ஊர். கழிப்பறை, குளிர்பானம் ஆகியவற்றுக்கு இனிச் சவுத்தீஸுக்கு அப்பால்தான் வாய்ப்பு என்பதை மனத்தில் கொள்ளுங்கள். இதுவரை சுமார் 50 நிமிடம் ஆகியிருக்கும்.

இரண்டாம் கட்டம்: முகட்டுக்கு ஏறுதல்

தெரு முடியும் இடத்தில் தார் முடிந்து, பாதை நேரே குன்றின்மேல் ஏறுகிறது. இப்படிச் செங்குத்துச் சரிவில் ஏறும் பாதைகளைச் சசெக்ஸ் மக்கள் 'பாஸ்டல்' என்று அழைப்பார்கள். ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் நூறு மீட்டருக்கு மேல் ஏற வேண்டியிருப்பதால், பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்துக்கு மேல் போகாதீர்கள். மூச்சு வாங்கினால் நின்று திரும்பிப் பாருங்கள். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் லூயிஸ் கோட்டை இன்னும் சிறியதாகவும் சமவெளி இன்னும் அகன்றதாகவும் தெரியும்.

பாதித் தூரத்தில் ஓரிடத்தில் கட்டாயம் உட்காருங்கள். உட்காருமுன் கையால் புல்லைத் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். தரையோடு தரையாகப் படர்ந்த குட்டை முட்செடி ஒன்று இங்கே உண்டு. பிறகு உள்ளங்கையை விரித்துப் புல்மேல் வைத்து, அந்த அகலத்துக்குள் இருப்பதை மட்டும் உற்றுப் பாருங்கள். முதலில் வெறும் புல்லாகத் தெரிவது மெல்ல மெல்லப் பிரிந்து வரும். ஊதாப் பூவுடன் காட்டுத் தைம். கசக்கினால் வெள்ளரிக்காய் மணக்கும் சாலட் பர்னெட்டின் பல்முனை இலைகள். மஞ்சளும் சிவப்பும் கலந்த, பட்டாணிப் பூவின் வடிவிலான சிறு பூக்கள். குண்டூசித் தலையளவே உள்ள இளஞ்சிவப்புப் பூக்கள். இவற்றினிடையே ஒரு நத்தையின் வெளுத்த ஓடு. நல்ல நிலையிலுள்ள சுண்ணாம்புப் புல்வெளியில் ஒரு சதுர மீட்டருக்குள் 40 வகைத் தாவரங்கள்வரை வளர முடியும். மண் ஏழ்மையானது என்பதே இந்தச் செழிப்புக்குக் காரணம். பாறைமேல் சில அங்குலமே உள்ள மண்ணில் சத்துக் குறைவு. ஆடுகளும் முயல்களும் ஓயாமல் மேய்வதால் எந்தச் செடியும் உயர்ந்து மற்றதை மறைக்க முடியாது. ஆகவே எல்லாவற்றுக்கும் இடம் கிடைக்கிறது. உரமிட்டால் இரண்டொரு முரட்டுப் புல்வகைகள் ஓங்கி, மற்றவை சில ஆண்டுகளில் மறைந்துவிடும். இதை அறிந்த பிறகு, இந்தச் சரிவை வெறும் பச்சை என்று கடந்துபோக என்னால் முடிவதில்லை.

நீல உருண்டையாகப் பூக்கும் ரேம்பியன் என்ற செடியையும் தேடிப் பாருங்கள். சசெக்ஸின் மாவட்ட மலர் அது. ஜூலையில் கண்ணில் படும் வாய்ப்பு அதிகம். எந்தப் பூவையும் பறிக்க வேண்டாம்.

மூன்றாம் கட்டம்: முகட்டில் வயல்களின் ஓரமாக

முகட்டை அடைந்ததும் சவுத் டவுன்ஸ் வேயில் இடப்புறம், அதாவது தென்கிழக்கு நோக்கித் திரும்புங்கள். சுவான்பரோ ஹில், இஃபோர்ட் ஹில், ஃபிரண்ட் ஹில் என்று அடுத்தடுத்து வரும் மேடுகளின் விளிம்போடு பாதை செல்கிறது. உச்சி 200 மீட்டரையும் எட்டாது. ஆனால் கடலுக்கும் சமவெளிக்கும் இடையே வேறு தடை இல்லாததால், இதைவிட இருமடங்கு உயரமான மலையில் நிற்பதுபோல் இருக்கும்.

இடப்புறம் கீழே ஊஸ் நதியின் வெள்ளச் சமவெளி. நேர்க்கோட்டு வாய்க்கால்களால் கட்டம் போட்டதுபோல் பிரிக்கப்பட்ட மேய்ச்சல் நிலம். அதற்கப்பால் தனித்து நிற்பது மவுன்ட் கேபர்ன்; தென்கிழக்கே, நதிக்கு அக்கரையில் உயர்ந்து தெரிவது 217 மீட்டர் உயர ஃபர்ல் பீக்கன். வலப்புறம் வயல்கள் மடிப்பு மடிப்பாகக் கடலை நோக்கி இறங்குகின்றன. வானம் தெளிந்த நாளில், பிரைட்டனுக்கு எதிரே கடலுக்குள் 116 காற்றாலைகள் வரிசையாக நிற்பதைக் காணலாம். சற்று முன் சரிவில் தேடிய மலரின் பெயரையே அந்தக் காற்றாலைத் தொகுதிக்கும் சூட்டியிருக்கிறார்கள்.

இங்கே நிலத்தைப் படிக்க ஓர் எளிய வழி சொல்கிறேன். சமதளமாகவோ மெல்லிய சாய்வாகவோ உள்ள இடமெல்லாம் கோதுமையும் பார்லியும் இருக்கும். செங்குத்தான இடத்தில் மட்டும் பழைய புல்வெளி இருக்கும். இரண்டாம் உலகப் போர்வரை இக்குன்றுகள் பெரும்பாலும் ஆடு மேய்க்கும் நிலமாகவே இருந்தன. நதிக்கு அக்கரையிலுள்ள கிளைண்டு என்ற ஊரில் ஜான் எல்மன் என்ற பண்ணையாளர் 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் தேர்ந்து வளர்த்துச் செம்மைப்படுத்திய சவுத்டவுன் ஆட்டினம் பல நாடுகளுக்குப் பரவியது. பகலில் குன்றில் மேய்ந்த ஆடுகளை இரவில் அடிவார வயல்களில் கிடை போடுவார்கள். அவற்றின் எருதான் வயலுக்கு உரம். போர்க்காலத்தில் உணவுத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க அரசு உழச் சொன்னது. பின்னர் வந்த செயற்கை உரம் கிடையின் தேவையையே இல்லாமல் ஆக்கியது. டிராக்டர் ஏற முடியாத சரிவுகள் மட்டும் தப்பின. ஆகவே இன்று நீங்கள் காணும் புல்வெளி ஒவ்வொன்றும், அதன் செங்குத்தால் காப்பாற்றப்பட்டது என்றே கொள்ளலாம். 2010 இல் இப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகும் இங்கே உழவு நடக்கிறது. இங்கிலாந்தின் தேசியப் பூங்காக்கள் மக்கள் வாழ்ந்து பயிரிடும் நிலங்களே.

நீண்ட காங்கிரீட் பாதை ஒன்று வயல்களின் நடுவே வரும். கால்கள் இங்கே சலித்துப்போகும். காதுகளைத் திறந்து வையுங்கள். பயிருக்கு மேலே எங்கோ ஓர் உயரத்தில் நின்றபடி, மூச்சுவிடாமல் பாடிக்கொண்டே இருக்கும் பறவை வானம்பாடி. நம் மொழியில் அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தமானது என்பது இங்கே கேட்கும்போது புரியும். பாட்டு வரும் திசையில் நேராகப் பார்க்காமல், ஒலி வரும் இடத்துக்குச் சற்று மேலே வானத்தைத் துழாவினால், துடிக்கும் கரும்புள்ளியாகத் தென்படும். அது தரையில் கூடு கட்டும் பறவை. எனவே இளவேனிலிலும் கோடையிலும் நாயை வாரில் பிடித்துக்கொள்வதும், பயிருக்குள் கால் வைக்காமல் இருப்பதும் முக்கியம். வேலிக் கம்பத்தில் உட்கார்ந்து, சாவிக்கொத்தைக் குலுக்குவதுபோல் ஒலியெழுப்பும் தடித்த பழுப்புப் பறவை கார்ன் பன்ட்டிங். பல இடங்களில் அருகிவிட்ட இது இங்கே இன்னும் இருக்கிறது.

பூமியின் சுழியத் தீர்க்கக் கோடாகிய கிரீனிச் கோட்டை இந்த நடையில் இருமுறை கடக்கிறோம். லூயிஸ் நிலையம் கோட்டுக்குச் சற்றுக் கிழக்கே, கிங்ஸ்டன் மேற்கே, சவுத்தீஸ் மீண்டும் கிழக்கே. குழந்தைகளுடன் சென்றால் கைபேசியில் தீர்க்கரேகை எண் சுழியத்துக்கு வருவதைக் காட்டலாம். என் அனுபவத்தில் களைத்த கால்களுக்கு அது நல்ல ஊக்கம்.

நான்காம் கட்டம்: நீரற்ற பள்ளத்தாக்குக்குள் இறக்கம்

மில் ஹில் என்ற இடத்தில் இருவழி உண்டு. களைத்துவிட்டால் இடப்புறம் இறங்கும் சந்து வழியாக நேரே ராட்மெல் ஊருக்குப் போய்விடலாம். அங்கே பப் உண்டு. எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபும் அவர் கணவரும் 1919 இல் வாங்கிய மங்க்ஸ் ஹவுஸ் என்ற வீடு அந்த ஊரில்தான் உள்ளது; திறந்திருக்கும் நாட்களை முன்கூட்டியே பார்த்துக்கொண்டால் உள்ளே சென்று தோட்டத்தையும் அவர் எழுதிய மரக் குடிலையும் காணலாம். அங்கிருந்து சவுத்தீஸ் நிலையம் எட்டிவிடும் தூரமே.

தெம்பு இருந்தால் கருவாலிக் கொட்டைக் குறியைத் தொடர்ந்து, கிரிக்கெட்டிங் பாட்டத்துக்குள் இறங்குங்கள். நீரற்ற பள்ளத்தாக்கைச் சசெக்ஸில் 'பாட்டம்' என்றோ 'டீன்' என்றோ சொல்வார்கள். இந்த நடையின் சிறந்த பகுதி எனக்கு இதுதான். முகட்டில் காதை அடைத்துக்கொண்டிருந்த காற்று, இறங்கத் தொடங்கிய சில நிமிடங்களில் திடீரென்று நின்றுபோகும். வெப்பம் மேலேறி முகத்தில் படும்; வெட்டுக்கிளிகளின் ஓசை தெளிவாகக் கேட்கும். அடித்தளம் அகன்று தட்டையாக, இருபுறமும் சரிவுகள் எழுந்து, ஓர் ஆறு நேற்றுத்தான் வற்றிப்போனதுபோல் அதன் வடிவம் மட்டும் அப்படியே இருக்கிறது. பனியுக வெள்ளத்தைப் பற்றி முதலில் எழுதியதை இங்கே நின்று நினைத்துப் பாருங்கள்.

இறக்கத்தில் உழுத விளிம்பு ஏதேனும் இருந்தால், ஒரு கல்லைக் கையிலெடுத்துப் பாருங்கள். வெளியே வெள்ளைத் தோல், முண்டும் முடிச்சுமான எலும்புபோன்ற வடிவம். உடைந்த முகத்திலோ கருப்பு, கண்ணாடிபோல் வழவழப்பு, விரலை அறுக்கும் கூர்மை. கடற்பஞ்சு முதலிய உயிர்களின் உடலிலிருந்த சிலிக்கா, சுண்ணாம்புச் சேற்றுக்குள் கரைந்து, பிறகு கட்டியாக உறைந்த சக்கிமுக்கிக் கல் அது. கற்கால மனிதர் கோடரி செய்ததும், இவ்வட்டாரத்தார் தேவாலயமும் மதிலும் கட்டியதும் இதே கல்லால்தான். சுண்ணாம்பு மென்மையானது, கட்டடத்துக்கு அவ்வளவாக உதவாது.

இந்தப் பள்ளத்தாக்கில் மாடுகளோ ஆடுகளோ குதிரைகளோ மேயக்கூடும். தென்சரிவிலுள்ள டெல்ஸ்கம் என்ற ஊர் பந்தயக் குதிரைப் பயிற்சிக்குப் பேர்போனது. 1902 ஆம் ஆண்டு கிராண்ட் நேஷனல் பந்தயத்தில் வென்ற ஷானன் லாஸ் என்ற குதிரை அங்கே பயிற்றப்பட்டது. மாடுகளைப் பொறுத்தவரை ஒரு விதியை உறுதியாகக் கடைப்பிடியுங்கள்: கன்றுக்கும் தாய்ப்பசுவுக்கும் இடையே ஒருபோதும் நடக்காதீர்கள். பாதை மந்தையின் நடுவே சென்றால் சுற்றிச் செல்லுங்கள். அமைதியாக, ஓடாமல் நடங்கள். உங்களிடம் நாய் இருந்து மாடு விரட்டி வந்தால், வாரை விட்டுவிட வேண்டும். மாட்டின் கோபம் நாயின் மீதுதான், நாய் ஓடித் தப்பித்துக்கொள்ளும். கேட்டுகள் திறந்திருந்தால் திறந்தபடியும், மூடியிருந்தால் மூடியும் விட்டுச் செல்வது இங்கே ஒழுங்கு. ஒரு கேட்டை மூட மறந்தால் உழவருக்கு ஒரு நாள் வேலை கெடும்.

பள்ளத்தாக்கின் அடியில் இடப்புறம் திரும்பி, பண்ணைக் கட்டடங்களைக் கடந்து, குறிகளைப் பின்பற்றிக் கிழக்கே செல்லுங்கள். லூயிஸையும் நியூஹேவனையும் இணைக்கும் சாலையைக் கடக்கும் இடத்தில் கவனம் தேவை. வளைவில் வண்டிகள் விரைந்து வரும்.

ஐந்தாம் கட்டம்: சவுத்தீஸ் ஊரும் நதியும்

சாலைக்கு அப்பால் சந்து இறங்கும் இடத்தில், சிறு புல்மேட்டின் அருகே தேவாலயம் நிற்கிறது. அதன் கோபுரம் வட்டமானது. சசெக்ஸில் வட்டக் கோபுரத் தேவாலயங்கள் மூன்றே. மூன்றும் இந்த ஊஸ் பள்ளத்தாக்கில்தான் உள்ளன. கதவு திறந்திருந்தால் உள்ளே சென்று பத்து நிமிடம் உட்காருங்கள். வெயிலில் வந்தவருக்கு அந்தக் கல் குளிர்ச்சி பெரிய ஆறுதல். சுவரில் மங்கிய இடைக்கால ஓவியங்களின் எச்சங்களையும் காணலாம்.

சந்து முடிந்ததும் நதி. 1880 இல் கட்டிய இரும்புப் பாலத்தின் மேல் நடந்து அக்கரை சேர வேண்டும். கப்பல் வரும்போது பக்கவாட்டில் திரும்பி வழிவிடும்படி அமைத்த பாலம் இது, இப்போது திரும்புவதில்லை. கடல் அருகில் இருப்பதால் நதியில் ஓதம் ஏறி இறங்கும். நீர் சில வேளை மேல்நோக்கி ஓடுவதைப் பார்த்து வியக்க வேண்டாம். கரை சேறு வழுக்கும், நீரோட்டம் வலியது. எவ்வளவு வெயிலடித்தாலும் இங்கே இறங்கிக் குளிக்கக் கூடாது.

பாலத்துக்கு அப்பால் சில நிமிட நடையில் சவுத்தீஸ் நிலையம். நடைமேடை தவிர வேறொன்றும் இல்லை. பணியாளரும் இல்லை, கடையும் இல்லை. இந்தத் தடத்தின் எல்லா வண்டிகளும் இங்கே நிற்கும் என்று எண்ணிவிடாதீர்கள். புறப்படும் நேரத்தைக் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். காத்திருக்க நேர்ந்தால், தண்டவாளத்தைக் கடந்தவுடன் வரும் இட்ஃபோர்ட் பண்ணையில் இளைஞர் விடுதியும் உணவகமும் உள்ளன. தேநீரும் கழிப்பறையும் கிடைக்கும். லூயிஸுக்குத் திரும்ப ரயிலில் பத்து நிமிடத்துக்கும் குறைவே.

வீடு சேர்ந்ததும் குளிக்கும் முன் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், குழந்தைகளுக்குத் தலைமுடியின் ஓரம் ஆகிய இடங்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எண்ணெயோ நெருப்போ வைக்காமல், குறடால் தோலை ஒட்டிப் பிடித்து மெல்ல மேல்நோக்கி இழுத்து எடுத்துவிட்டு, அந்த இடத்தைக் கழுவுங்கள். அடுத்த சில வாரங்களுக்குள் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் விரிந்தாலோ, காய்ச்சலும் அசதியும் வந்தாலோ, லைம் நோயாக இருக்கக்கூடும். உடனே மருத்துவரிடம் சென்று, எந்த நாளில் எங்கே நடந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.